படுவான்கரைக் கணித ஆசிரியைக்கு ஒரு பதில்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் 12 வருடமாகக் கணிதம் படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அதிபர் சேவைப் பரீட்சைக்குப் போடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது வகுப்பறை. அதை விட்டுவிட்டுக் கோப்புகளோடு மாரடிக்க என்னால் முடியுமா? படுவான்கரையில் ஒரு பெண் அதிபராக இருந்து சமாளிக்கலாமா? தொடங்குவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?"

நான் 1991இல் விஞ்ஞான ஆசிரியையாக நியமனம் பெற்று வாவிக்கு அந்தப் பக்கம் போனவள். பகுதித் தலைவர், பிரதி அதிபர், பிறகு இரண்டு பாடசாலைகளில் அதிபர் என்று இருந்துவிட்டு 60 வயதில் ஓய்வுக்கு வந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதற் கேள்வியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். வகுப்பறையை விட்டுவிட்டுப் போவதாக நினைத்துக்கொண்டு யாரும் அதிபராகக் கூடாது. வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் பொறுப்பான எங்கள் ஊர் வட்டைவிதானையாரை உங்களுக்குத் தெரியும். அவர் மற்றவனுடைய வயலை உழுவதில்லை, விதைப்பதில்லை. ஆனால் வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இடையில் யாராவது மடையை அடைத்திருந்தால் இரவிலும் போய்த் திறந்து விடுவார். அதிபர் வேலையும் அதுதான். என் காலத்தில் ஒரு நாளைக்கு 40 நிமிடப் பாடவேளை எட்டு. அந்த எட்டும் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைவரை போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. கோப்பு, கூட்டம், கணக்கு எல்லாம் அந்த எட்டுப் பாடவேளைக்காகத்தான். அப்படி நினைக்க முடிந்தவர்களுக்கு இந்த வேலை பாரமாக இருக்கலாம், வெறுமையாக ஒருநாளும் இருக்காது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். பரீட்சையிலிருந்து என்று சொல்லமாட்டேன். எந்த வகுப்புக்கு எந்த நேரம் எந்த ஆசிரியர் என்று போடும் அட்டவணையிலிருந்து, அதுதான் நேரசூசியிலிருந்து, தொடங்குங்கள்.

1998இல் எங்கள் அதிபர் சேர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "மகள், வாற வருஷ நேரசூசியை நீதான் போடப் போறாய்" என்றார். எனக்குச் சந்தோசம், கொஞ்சம் பயமும். கணக்குப் போடுவதுபோல இதையும் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பென்சிலும் அழிறப்பரும் சதுரக் கோடு போட்ட பெரிய தாளுமாக நாலு நாள் இருந்த பிறகுதான், இது கணக்கே இல்லை என்று விளங்கியது. நல்ல ஆசிரியர் எல்லாரும் 11ஆம் தரத்தில் இருந்தார்கள். 6ஆம் தரத்துக்குப் புதிதாக வந்தவர்களும் மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்களும்தான். வாசிக்கத் தெரியாமல் ஆறாம் தரத்துக்கு வந்த பிள்ளை, வாசிக்கத் தெரியாமலே பதினோராம் தரத்துக்குப் போய்ச் சேரும். அங்கே நல்ல ஆசிரியர் காத்திருந்து என்ன பயன்? ஒரு பாடசாலை எந்தப் பிள்ளையை முக்கியமாக நினைக்கிறது என்பது சுவரில் எழுதியிருக்கும் மகுட வாசகத்தில் தெரியாது, நேரசூசியில் தெரியும்.

இன்னொன்றையும் அப்போதுதான் கண்டேன். வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமாக உள்ள எழுவான்கரையிலிருந்து வருகிற ஆசிரியர்கள் நாங்கள் அந்த நாட்களில் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடப்போம். இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பாதை என்றால் தோணிகளை இணைத்து மேலே பலகை அடித்த மிதவை, ஆளும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாக ஏறும். மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முன் காற்றடித்தால் பிந்தும், சோதனைச்சாவடியில் வரிசை நீண்டால் பிந்தும். பிந்துவதை யாரும் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் பிந்தியதன் பாரம் முழுக்க ஒரே வகுப்பின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் தரத்துக்கு முதற்பாடவேளை கணிதம், கணித ஆசிரியர் அக்கரையிலிருந்து வருபவர். நான் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு மாதத்தின் 20 முதற்பாடவேளைகளில் 9 நடக்கவேயில்லை. அந்தப் பிள்ளைகளைத்தான் "கணிதம் ஓடாத பிள்ளைகள்" என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

புது நேரசூசியில் முதற்பாடவேளைகளை உள்ளூர் ஆசிரியர்களுக்குக் கொடுத்தேன். எல்லா நாளும் ஒரே பாடம் முதலாவதாக வராதபடி மாற்றினேன். தமிழ் படிப்பிப்பதில் கெட்டிக்காரியான மூத்த ரீச்சர் ஒருவரை 6ஆம் தரத்துக்கு இறக்கினேன். அவருக்குக் கோபம். "நான் பதினொண்டுக்குப் படிப்பிக்கிற ஆள்" என்றார். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் ஆறாம் தரத்துப் பையன் ஒருவனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இவனுக்கு 'ழ'வும் 'ள'வும் இல்லை, எழுத்தே தெரியாது, இவ்வளவு நாளும் என்ன செய்தீங்கள்?" என்று என்னை ஏசினார். அந்த ஏச்சைப் போல ஒரு பாராட்டு எனக்குப் பிறகு கிடைக்கவில்லை. நான் நிர்வாகத்துக்குள் வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். நியமனக் கடிதம் பல வருடம் கழித்து வந்தது.

ஆகவே தங்கச்சி, உங்கள் அதிபரிடம் போய் அடுத்த வருட நேரசூசியைக் கேட்டு வாங்குங்கள். யாரும் அதை விரும்பி எடுப்பதில்லை, கேட்டால் கிடைக்கும்.

இனிச் சேவையின் படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் இருப்பது இலங்கை ஆசிரியர் சேவை. அதற்கு அடுத்துத் தனியாக இருப்பது இலங்கை அதிபர் சேவை. 2014 ஒக்டோபரில் இரண்டின் சேவைப் பிரமாணக் குறிப்புகளும், அதாவது சேவை விதிகளும், புதிதாக வர்த்தமானியில் வந்தன. அதன்பிறகு அதிபர் சேவையில் தரம் 3, 2, 1 என்று மூன்று தரம். உள்ளே போவது தரம் 3க்கு, மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை எழுதி, நேர்முகத்துக்கும் முகம் கொடுத்து. இதற்கும் மேலே கல்வி நிர்வாக சேவை. வலயக் கல்விப் பணிப்பாளராக வருகிறவர்கள் அந்தச் சேவைக்காரர். அதற்கு வேறு பரீட்சை. அதிபராக இருந்துதான் அங்கே போக வேண்டும் என்றில்லை, ஆசிரியராக இருந்தும் போகலாம். இன்னொரு கிளை ஆசிரிய ஆலோசகர். உங்களுக்குப் பாடத்தில்தான் மனம் என்றால் அதையும் யோசியுங்கள். கணித ஆலோசகர் ஒருவர் ஒழுங்காகப் பாடசாலைகளுக்குப் போய் வந்தால் ஒரு கோட்டத்தின் கணிதமே மாறும், கண்ணால் கண்டிருக்கிறேன்.

விண்ணப்பத் தகைமை வருடத்துக்கு வருடம் வர்த்தமானி அறிவித்தலில் நுணுக்கமாக மாறும். மற்ற ஆசிரியர் சொல்வதைக் கேட்டு முடிவு எடுக்காதீர்கள், அந்த வருட அறிவித்தலை முழுதாக எடுத்து நீங்களே வாசியுங்கள். பரீட்சைக்குத் தயாராக என்று மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வகுப்புகள் நடக்கும், போகலாம். ஆனால் வகுப்புக் குறிப்பைப் பாடமாக்கிக்கொண்டு போகிறவர்களைவிட, சுற்றுநிருபங்களையும், அரச ஊழியர் விதிகளான தாபனக் கோவையையும், அரச காசுக்கான விதிகளான நிதிப் பிரமாணத்தையும் சொந்தப் பாடசாலையில் நடந்த சம்பவங்களோடு பொருத்தி வாசித்தவர்கள் நன்றாக எழுதுவதைக் கண்டிருக்கிறேன். சிங்களமும் படியுங்கள். கொழும்பிலிருந்து வரும் கடிதத்தை இன்னொருவர் வாசித்துச் சொல்லும்வரை காத்திருக்கும் அதிபருக்குப் பாதிப் பலம் போய்விடும்.

நியமனம் கிடைத்தால் மீபேயில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தலைமைத்துவப் பயிற்சி நிலையத்தில் பயிற்சி இருக்கும். நான் போனபோது மாத்தறை, பதுளை, புத்தளம் என்று எல்லாப் பக்கத்து அதிபர்களும் இருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருந்து கதைத்ததுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது. மொனராகலைப் பக்கத்துப் பெண் அதிபர் ஒருவர், யானைப் பயத்தால் பிள்ளைகள் பிந்தி வருவதைப் பற்றிச் சொன்னார். அதை எங்கள் உன்னிச்சைப் பக்கத்துக்காரர் ஒருவர் சொல்வதுபோலவே இருந்தது.

ஒரு விடயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பதில் கடமை. ஊர்ப்புறப் பாடசாலைகளில் அதிபர் ஓய்வு பெற்றுப் போனால், அடுத்தவர் வரும்வரை மூத்த ஆசிரியரிடம் திறப்பைக் கொடுப்பார்கள். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்பார்கள். என் தோழி ஒருத்தியின் கொஞ்ச நாள் ஆறு வருடமாயிற்று. பொறுப்பு முழுதும் அவளுடையது, சேவை மட்டும் ஆசிரியர் சேவை. அந்த ஆறு வருடத்தில் படிக்கவோ பரீட்சை எழுதவோ அவளுக்கு நேரம் இருக்கவில்லை. பிறகு அதிபர் சேவைக்காரர் ஒருவர் வந்தார், இவள் பழைய வகுப்புக்குத் திரும்பினாள். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்கூட வரவில்லை. பதில் கடமை பார்க்க வேண்டி வந்தால் பாருங்கள், ஊர்ப் பிள்ளைகளைக் கைவிட முடியாது. ஆனால் எழுத்தில் வாங்குங்கள், பரீட்சை வரும்போது கட்டாயம் எழுதுங்கள்.

பாடசாலையைப் பொறுப்பெடுக்கும் நாள். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பயிற்சியிலும் இதைச் சரியாகச் சொல்லித் தருவதில்லை. முதற் பாடசாலைக்கு நான் போன அன்று மாலை போட்டார்கள், பாண்ட் வாசித்தார்கள், தேத்தண்ணியும் வடையும் தந்தார்கள். எல்லாம் முடிந்ததும் முன்னைய அதிபர் திறப்புக் கோர்வையையும் இருப்புப் பதிவேட்டையும் மேசையில் வைத்து, "இதில ஒரு கையெழுத்து" என்றார். நல்ல மனிதர், அவருக்குப் போகிற அவசரம். நான் ஒருநாள் தவணை கேட்டேன். மற்ற நாள் காலை ஏழு மணிக்குத் தொடங்கி மேசை, கதிரை, அலுமாரி, நூலகப் புத்தகம், சமையலறைக் கிடாரம்வரை எண்ணினோம். கதவின்மேல் "விஞ்ஞான அறை" என்று எழுதியிருந்தது, உள்ளே பழைய நெல்மூட்டைகள். பதிவேட்டில் இரண்டு நுணுக்குக்காட்டி, அறையில் ஒன்றும் இல்லை. பாடசாலையில் நடப்பதை அதிபர் எழுதி வைக்கும் பழைய சம்பவத்திரட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, வெள்ள வருடம் ஒன்றில் அவை பழுதாகிய குறிப்பு ஒரு வரியில் இருந்தது. ஆனால் பதிவேட்டிலிருந்து முறைப்படி நீக்கியிருக்கவில்லை. அந்த வரி இல்லாவிட்டால் நான் காணாத நுணுக்குக்காட்டிக்கு நானே பொறுப்பாளி. எண்ணாமல் கையெழுத்து வைக்காதீர்கள். மரியாதைக் குறைவென்று யாரும் நினைத்தாலும் பரவாயில்லை.

சம்பவத்திரட்டு என்றதும் ஒன்று ஞாபகம். 2007 மார்ச்சில் போரால் படுவான்கரை முழுதும் இடம்பெயர்ந்தது. அப்போது நான் பிரதி அதிபர். செல் விழத் தொடங்கியதும் அதிபர் சேர் அலுமாரியைத் திறந்து மாணவர் அனுமதி இடாப்பு மூன்றையும் சம்பவத்திரட்டையும் யூரியாப் பைக்குள் போட்டுக் கட்டினார். தன்னுடைய உடுப்புப் பையை அவர் எடுக்கவில்லை. எனக்கு அப்போது அது விளங்கவில்லை. மாதக் கணக்கில் முகாமில் இருந்தபோது விளங்கியது. பிறப்புச் சான்றிதழ் தொலைந்த பிள்ளைக்கு, அடையாள அட்டை எடுக்க வேண்டிய பெடியனுக்கு, பரீட்சை விண்ணப்பம் நிரப்ப வேண்டிய பிள்ளைக்கு எல்லாம் அந்த இடாப்பில் இருந்த பெயரும் பிறந்த திகதியும்தான் கைகொடுத்தன. மரத்தடியில் யூரியாப் பையை விரித்து வைத்துக்கொண்டு சேர் ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கோப்போடு மாரடிப்பது என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் காட்சிக்குப் பிறகு எனக்குக் கோப்பு என்ற சொல்லே வேறுமாதிரித்தான் கேட்கும்.

இனிப் பிள்ளைகளின் வரவு. வரவு இடாப்பை மாத முடிவில் கூட்டிச் சதவீதம் போட்டு வலயத்துக்கு அனுப்புவது எல்லாரும் செய்வது. அதிபர் அதை வேறுவிதமாக வாசிக்க வேண்டும். ஒரு பெப்ரவரியில் எட்டாம் தரத்து இடாப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பையனுக்குத் திங்கள், செவ்வாய் வரவில்லை, புதன் வந்திருக்கிறான், பிறகு வியாழனும் வெள்ளியும் இல்லை. அதற்கு முந்திய கிழமையும் அப்படித்தான். வகுப்பாசிரியர், "அவன் சோம்பேறி மிஸ்" என்றார். பின்னேரம் அவனுடைய வீட்டுக்குப் போனேன். மாரி வெள்ளாமை வெட்டுக் காலம். தகப்பன் இல்லை, தாய் மத்திய கிழக்கில், அம்மம்மாவோடு இருக்கிறான். இரவில் மாமனோடு வட்டைக்கு யானைக் காவலுக்குப் போகிறான். வாடியில் விடிய விடிய வெங்காய வெடியும் தகரத் தட்டலும். மாமன் ஊரில் நிற்காத நாள் மட்டும் காவல் இல்லை, அடுத்த நாள் பள்ளிக்கு வருகிறான். அந்தப் புதன்கிழமைகளின் கணக்கு அதுதான். அவனை ஏசி என்ன வரப்போகிறது?

மாமனோடும் கமக்காரர் அமைப்பிலுள்ள ஒருவரோடும் கதைத்து, பிள்ளைகளைக் காவலுக்கு எடுப்பதில்லை என்று ஒரு சொல் வாங்கினோம். முழுக்க நின்றது என்று சொல்லமாட்டேன், குறைந்தது. வெட்டுக் காலத்தில் அப்படி வருகிற பிள்ளைகளுக்கு விட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுக்க, கடைசிப் பாடவேளையில் ஒரு சின்ன வகுப்பை நானே எடுத்தேன். அம்பாறைக் கரையோரத்தில் எனக்குத் தெரிந்த அதிபர் ஒருவருக்கு இதே சிக்கல் மீன் அதிகம் படுகிற மீன்பாட்டுக் காலத்தில் வரும். எந்த ஊரில் எந்த மாதம் பிள்ளை குறையும் என்பதை வருடத் திட்டம் போடும்போதே அதிபர் தெரிந்திருக்க வேண்டும். திட்டத்தை வலயத்துக்குக் கொடுப்பதற்காக மட்டும் எழுதினால் அந்தப் பையன் அதில் இருக்கமாட்டான்.

ஆசிரியர்களின் வகுப்பைப் பார்க்கப் போவது பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளக மேற்பார்வை என்று படிவத்தோடு போய்க் கதவடியில் நின்றால், ஆசிரியர் படிப்பிப்பதை நிறுத்திவிட்டு நடிக்கத் தொடங்குவார். நான் படிவத்தை அலுவலகத்தில் விட்டுவிட்டுப் போய்க் கடைசி வாங்கில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் இருப்பேன். ஆசிரியரைப் பார்ப்பதில்லை, அந்தப் பிள்ளையின் கொப்பியைத்தான் பார்ப்பேன். கரும்பலகையில் இருப்பது கொப்பியில் எப்படி விழுகிறது என்று பார்த்தால் போதும், பாடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துவிடும். முடிந்ததும் ஆசிரியரிடம் முதலில் கேட்பது, "இந்தப் பாடத்தில எந்த இடம் உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது?" என்றுதான். நீங்களே கணித ஆசிரியை, பின்னம் படிப்பிக்கும்போது எங்கே வழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதிபரும் ஒரு காலத்தில் வழுக்கி விழுந்தவர்தான் என்று தெரிந்தால் ஆசிரியர் மனம் திறப்பார்.

இதற்காகவே ஒரு வகுப்பை உங்கள் கையில் வைத்திருங்கள். நான் கடைசி வருடம்வரை ஆறாம் தர விஞ்ஞானத்தை விடவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிடும்போது, "திங்கள் மூன்றாம் பாடவேளை எனக்கு வகுப்பு, அதற்குப் பிறகு வாறன்" என்று பணிமனைக்குச் சொல்ல வெட்கப்பட்டதில்லை. சில கூட்டங்களுக்குப் பிந்தித்தான் போனேன்.

பிரம்பு விடயத்தில் தெளிவாக இருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் உடல்ரீதியான தண்டனையைத் தடுத்திருக்கிறது. "அடிச்சுத் திருத்துங்க மிஸ்" என்று பெற்றாரே கொண்டுவந்து விடுவார்கள். ஆசிரியர் அறையிலும், "பிரம்பு இல்லாட்டி இவங்க படிப்பாங்களா?" என்பார்கள். அதிபர் ஒருநாள் தடுமாறினால் அது முழுப் பாடசாலைக்கும் அனுமதியாகிவிடும். போர்க் காலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நடுவில் நான் இருந்தேன். கை ஓங்கினால் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொள்கிற பிள்ளையைப் பார்த்த பிறகு எனக்கு வேறு நியாயம் தேவைப்படவில்லை.

பெண்ணாக இருந்து சமாளிக்கலாமா என்றீர்கள். சமாளிக்கலாம், ஆனால் இலேசு என்று பொய் சொல்லமாட்டேன். முதல் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தலைவர் கதிரையில் நான் இருக்கிறேன், கேள்வி எல்லாம் என் பக்கத்தில் இருந்த ஆண் உதவி அதிபரைப் பார்த்துத்தான் வந்தது. அவர் நல்ல பிள்ளை, ஒவ்வொரு தடவையும் "மிஸ்ஸிட்ட கேளுங்க" என்றார். அடுத்த கூட்டத்தில் கணக்கறிக்கையை நானே வாசித்தேன், சதம் சதமாக. மதில் கட்டிய காசில் எத்தனை பை சீமெந்து, எத்தனை லோட் மணல், மிச்சம் எவ்வளவு என்று சொன்னேன். கொத்தனார் ஒருவர் எழும்பி, மணல் கணக்குச் சரி என்று சொன்னார். அதன்பிறகு கேள்விகள் என் பக்கம் திரும்பின. காசுக் கணக்கு சுத்தமாக இருந்தால் ஊர் உங்களை மதிக்கும், ஆணா பெண்ணா என்பது இரண்டாவதாகிவிடும்.

ஊர்க் கோயிலோடு உறவு வைத்திருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும், இரவிரவாக ஒலிபெருக்கி. 2022, 2023, 2024 மூன்று வருடமும் சாதாரண தரப் பரீட்சை மே மாதத்தில் வந்தபோது எங்களுக்கு அது பெரிய சோதனையாக இருந்தது. ஆண் அதிபர்கள் என்றால் கோயில் வீதியில் நின்று கதைத்து முடிப்பார்கள். நான் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வீட்டுக்குப் போய் அவருடைய மனைவியோடு முதலில் கதைத்தேன். அந்த அம்மாவின் பேத்தியும் அந்த முறை பரீட்சை எழுதுகிற பிள்ளை. அன்றிரவே அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளுத்திப் பாட்டுக்கு மட்டும் ஒலிபெருக்கி, சினிமாப் பாட்டு வேண்டாம் என்று முடிவாகியது. பெண்ணுக்கு மூடியிருக்கிற வாசல்கள் சில, பெண்ணுக்கு மட்டும் திறக்கிற வாசல்களும் சில. இரண்டாவதை அதிகம் பாவியுங்கள்.

வீட்டைப் பற்றியும் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆறு மணிக்குப் புறப்பட்டு, பின்னேரம் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வர இருட்டிவிடும். என் பிள்ளைகளின் பள்ளிக் கூட்டத்துக்கு நான் போன தடவைகளை விரல்விட்டு எண்ணலாம், அது இன்னும் மனதில் கிடக்கிறது. கணவரோடும் மாமியோடும் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கதையுங்கள், நியமனம் வந்த பிறகல்ல.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளை எங்கள் பக்கத்தில் முத்தமிழ் வித்தகராகத்தான் கொண்டாடுகிறோம். அவர் முதலில் விஞ்ஞானம் படித்து விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார். துறவு பூண்டு திரும்பிய பிறகு 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கி, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நடத்தினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பாடசாலை கட்டுவதும் வகுப்பில் நின்று படிப்பிப்பதும் அவருக்கு ஒரே பணியாகத்தான் இருந்தன. கல்லடிப் பாலத்தால் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியவை கொஞ்சம்தான். நேரசூசியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பாடசாலையின் பழைய சம்பவத்திரட்டை அதிபரின் அனுமதியோடு எடுத்து, தொடக்கப் பக்கத்திலிருந்து வாசியுங்கள். 1978 சூறாவளி, இடப்பெயர்வுகள், வெள்ளம், முதன்முதல் சாதாரண தரம் சித்தியடைந்த பிள்ளை எல்லாம் அதில் இருக்கலாம். ஒரு பாடசாலை எப்படித் தப்பிப் பிழைத்து வந்திருக்கிறது என்று தெரியாமல் அதை நடத்த முடியாது.

மற்றது உங்கள் கடிதங்கள். முதல் நியமனக் கடிதம், சேவையில் உறுதிப்படுத்திய கடிதம், தர உயர்வுக் கடிதங்கள், சம்பள மாற்றக் கடிதங்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்ட பிறகு இவற்றைத் தேடி வலயத்துக்கும் மாகாணக் கல்வி அலுவலகம் இருக்கும் திருகோணமலைக்கும் அலைந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒருத்திக்கு உறுதிப்படுத்திய கடிதம் வெள்ளத்தில் போய்விட்டது, பிரதி எடுக்க ஏழு மாதம். இந்தச் சனிக்கிழமை எல்லாவற்றையும் எடுத்து இரண்டு பிரதி அடியுங்கள். மூலத்தைத் தடித்த பொலித்தீன் உறையில் போட்டு, வீட்டில் தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள். ஒரு பிரதி உங்கள் அம்மா வீட்டில் இருக்கட்டும்.